மினிமம் பேலன்ஸ் அபராதமும் மைனஸில் போன கணக்கும்: வங்கி பிடித்த பணத்தை நுகர்வோர் நீதிமன்றம் போய்த் திரும்ப வாங்குவது எப்படி

முதலில் என் மைத்துனன் கணக்கில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாவற்றுக்கும் அதுவே உதாரணமாக உதவும்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது அவனுக்கு ஒரு தனியார் வங்கியில் சம்பளக் கணக்கு தொடங்கிக் கொடுத்தார்கள். ஜீரோ பேலன்ஸ் கணக்கு. அப்புறம் வேலையை விட்டான். சம்பளம் வருவது நின்று மூன்று மாதம் ஆனதும் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறி, 5,000 ரூபாய் மினிமம் பேலன்ஸ் வைக்க வேண்டிய கணக்காகிவிட்டது. அவனுக்கு அது தெரியாது. கணக்கில் கிடந்தது 1,912 ரூபாய். மாதம் 500 அபராதம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90, ஆக 590. மூன்று மாதத்தில் மிச்சம் 142. நான்காவது மாதம் மைனஸ் 448. சரி, காலியானதும் நிறுத்தியிருப்பார்கள் என்று நினைப்போம் அல்லவா, நிறுத்தவில்லை, ஏழாவது மாதம் மைனஸ் 2,218-ல் போய் நின்றது. எப்போதோ கைமாற்றாக வாங்கிய 6,000 ரூபாயை ஒருவர் அந்தக் கணக்கில் திருப்பிப் போட்டார், பைக் தவணை 3,950-ஐ அதில் கட்டிவிடலாம் என்று இவனும் நிம்மதியாக இருந்தான். ஆனால் கணக்கில் இருந்தது 3,782. தவணை பவுன்ஸ் ஆனது. அதற்கு வங்கி 295 பிடித்தது, பைக் கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு 590 போட்டது.

மொத்தம் 5,015 ரூபாய். இந்தத் தொகைக்கா கோர்ட் படி ஏறுவது என்று யாரும் விட்டுவிடுவார்கள், வங்கிகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. பொதுத்துறை வங்கிகள் மட்டும் 2019-20 முதல் 2023-24 வரையான ஐந்து ஆண்டுகளில் மினிமம் பேலன்ஸ் அபராதமாக ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் வசூலித்தன என்று மத்திய அரசே மக்களவையில் பதில் சொன்னது. எல்லாம் இப்படி ஐந்நூறும் ஆயிரமுமாகச் சேர்ந்த காசு. ஸ்டேட் வங்கி 2020-லேயே இந்த அபராதத்தை எடுத்துவிட்டது, கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி போன்றவை 2025-ல் எடுத்தன. தனியார் வங்கிகள் பெரும்பாலும் இன்னும் வைத்திருக்கின்றன.

நான் வக்கீல் இல்லை. மைத்துனனோடு கூடவே அலைந்ததிலும், அப்புறம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மனு எழுதிக் கொடுத்ததிலும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

தொகை அதிகம் என்று சண்டை போடாதீர்கள்

இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. "500 ரூபாய் அநியாயம்" என்று மனு போட்டால் தோற்க வாய்ப்பு அதிகம். "இந்த 500-ஐப் பிடிக்கும் முன் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை" என்று போட்டால், செய்தோம் என்று காட்ட வேண்டிய பாடு அவர்களுடையது.

இங்கிலாந்தில் இது பெரிய அளவில் நடந்து பார்த்தாகிவிட்டது. 2006, 2007 வாக்கில் அங்கே ஓவர்டிராஃப்ட் கட்டணங்களை, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் பணம் போனால் வங்கி பிடிக்கும் கட்டணங்களை, திருப்பிக் கேட்டு மக்கள் கூட்டம் கூட்டமாகச் சிறு வழக்கு நீதிமன்றங்களுக்குப் போனார்கள், வங்கிகளும் தீர்ப்பு வரை போகாமல் பணத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டே வந்தன. பிறகு அங்குள்ள நியாய வணிக அலுவலகம் அபே நேஷனல் உள்ளிட்ட வங்கிகளோடு ஒரு முன்னோடி வழக்கு நடத்தியது. 2009 நவம்பர் 25-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், இந்தக் கட்டணங்கள் வங்கிச் சேவைக்கான மொத்த விலையின் ஒரு பகுதி, விலை கூடுதலா குறைவா என்பதை அந்த நுகர்வோர் விதிகளின் கீழ் எடைபோட முடியாது என்று சொல்லிவிட்டது. அலை அப்படியே அடங்கிப்போனது.

நம் ஊரிலும் அதே மாதிரி ஒன்று நடந்தது. கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் போனால் அது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை, 2024 டிசம்பர் 20-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வட்டி விகிதத்துக்கு உச்சவரம்பு கட்டுவது நுகர்வோர் ஆணையத்தின் வேலை இல்லை என்பதுதான் அதன் சாரம். ஆக, விலையைத் தொடாதீர்கள், விதியைப் பிடியுங்கள்.

எந்த விதி?

மினிமம் பேலன்ஸுக்கு முக்கியமானது ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20-ல் வெளியிட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கை. ஒரு பக்கமோ ஒன்றரைப் பக்கமோதான், ஆனால் நமக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொன்ன தேதியிலிருந்து குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகும் இருப்பு ஏறாவிட்டால்தான் அபராதம். அபராதமும் எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே தொகை என்று போடக்கூடாது. எனக்குப் பிடித்தது கடைசி விதி: இந்த அபராதம் ஒன்றினால் மட்டுமே சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக்கூடாது.

மைத்துனன் கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அபராதம் பிடித்த பிறகு எஸ்எம்எஸ் வந்தது, பிடிக்கும் முன் வரவில்லை. அந்த வங்கியின் கட்டணப் பட்டியலிலேயே "குறையும் தொகையில் 6 சதவீதம் அல்லது 500 ரூபாய், எது குறைவோ அது" என்று போட்டிருந்தது. முதல் மாதம் முழுக்க இருப்பு 1,912-ல் அசையாமல் கிடந்தது, குறைந்தது 3,088, அதில் 6 சதவீதம் 185 ரூபாய் சொச்சம். பிடித்தது 500. நான்காவது மாதத்திலிருந்து கணக்கே மைனஸ். எச்சரிக்கை இல்லை, விகிதம் இல்லை, மைனஸுக்கும் தள்ளியாயிற்று. ஒரே கணக்கில் மூன்று மீறல். எங்களுக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

இரண்டு ஆண்டுக்கு மேல் நீங்கள் தொடாமல் விட்ட, செயல்படாத கணக்கு என்றால் அதில் மினிமம் பேலன்ஸ் அபராதமே போடக்கூடாது. 2014 மே மாதமே சொல்லிவிட்டார்கள், 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதலிலும் அது இருக்கிறது, அந்தக் கணக்கை மறுபடி உயிர்ப்பிக்கவும் காசு கேட்கக்கூடாது.

நிஜமான ஓவர்டிராஃப்ட், அதாவது வங்கியோடு ஒப்பந்தம் போட்டு எடுத்தது என்றால், அது கடன் கணக்கு. அதற்கு 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையைப் பாருங்கள். தவணை தவறினால் வட்டி விகிதத்தின் மேல் அபராத வட்டி ஏற்றக்கூடாது, தனி அபராதக் கட்டணமாகத்தான் போட வேண்டும், அந்தக் கட்டணத்தை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது. புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல், பழையவற்றுக்கு 2024 ஜூன் 30-க்குள் இதற்கு மாறியிருக்க வேண்டும். கிரெடிட் கார்டுக்கு இது பொருந்தாது.

2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி தன் பழைய சுற்றறிக்கைகளை எல்லாம் தொகுத்துப் புது வழிகாட்டுதல்களாக வெளியிட்டது. அதனால் "அந்தச் சுற்றறிக்கை இப்போது இல்லையே" என்று கிளையில் யாராவது சொன்னால் அசந்துவிடாதீர்கள். உங்களிடம் பணம் பிடித்த தேதியில் எது நடப்பில் இருந்ததோ அதுதான் உங்களுக்கு வேண்டும்.

ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்

கட்டணம் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து இன்று வரைக்கும் ஸ்டேட்மென்ட் எடுங்கள். பாஸ்புக் என்ட்ரி போதாது, பல சமயம் நான்கைந்து வரிகளைச் சேர்த்து ஒரே வரியாக அச்சடித்துவிடும். ஒரு நோட்டில் தேதி, விவரம், தொகை, ஜிஎஸ்டி, அதற்குப் பிந்தைய இருப்பு என்று கோடு போட்டு எழுதுங்கள். எக்செல் தெரிந்தால் இன்னும் நல்லது. கணக்கு பிளஸிலிருந்து மைனஸுக்கு மாறிய அந்த ஒரு வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் (நாம் நுகர்வோர் கோர்ட் என்று சொல்வது இதைத்தான்) இருப்பவர்களுக்கு உங்கள் வழக்கைப் புரியவைக்கப் போவது அந்த வட்டம்தான்.

போனில் இருக்கும் வங்கி எஸ்எம்எஸ்களை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரியும்படி பிரின்ட் போட்டு வையுங்கள். மின்னணுச் சான்று என்பதால் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும், முன்பு 65பி என்று சொல்வார்களே அதன் இப்போதைய வடிவம். அதோடு வங்கியின் இணையதளத்தில் கட்டணப் பட்டியலை இன்றே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு மாற்றிவிட்டால் பழையதைத் தேடி அலைய வேண்டும்.

பொதுத்துறை வங்கி என்றால் இன்னொரு நல்ல ஆயுதம் இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், ஆன்லைனிலேயே போடலாம். "என் கணக்குக்கு மினிமம் பேலன்ஸ் குறைவு பற்றி எந்தெந்தத் தேதிகளில், எந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பப்பட்டது, அதன் பதிவின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பதிவு இல்லை என்று பதில் வந்தால் பாதி வழக்கு முடிந்தது. தனியார் வங்கிக்கு இது செல்லாது, அவர்களிடம் புகார்க் கடிதத்திலேயே கேட்க வேண்டியதுதான்.

வங்கிக்குக் கடிதம்

கிளைக்குப் போய் மேனேஜரிடம் பேசுவது நல்லதுதான், சில மேனேஜர்கள் இரண்டு மாதக் கட்டணத்தை அங்கேயே திருப்பிப் போட்டுவிடுவார்கள். ஆனால் பேச்சு சாட்சி ஆகாது. எழுத்தில் வேண்டும். கிளைக்கு ஒன்று, வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு ஒன்று, மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக ஒட்டி வையுங்கள். புகார் எண் கட்டாயம் வாங்குங்கள்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். நாங்கள் எழுதியது கிட்டத்தட்ட இப்படி: "என் சேமிப்புக் கணக்கில் கீழ்க்கண்ட ஏழு தேதிகளில் மொத்தம் 4,130 ரூபாய் அபராதமாகப் பிடிக்கப்பட்டுள்ளது. முன்னறிவிப்பு எதுவும் எனக்கு வரவில்லை. வந்ததாகச் சொன்னால் அனுப்பிய தேதி, நேரம், சேர்ந்ததற்கான பதிவு ஆகியவற்றைத் தரவும். நான்காவது பிடித்தத்திலிருந்து என் கணக்கு மைனஸுக்குத் தள்ளப்பட்டுள்ளது, இது ரிசர்வ் வங்கியின் 20.11.2014 சுற்றறிக்கைக்கு முரணானது. இதனால் என் தவணை பவுன்ஸ் ஆகி மேலும் 885 ரூபாய் இழப்பு. மொத்தம் 5,015 ரூபாயை 30 நாளுக்குள் திருப்பித் தரவும்." அவ்வளவுதான், கீழே கையெழுத்து.

பதில் வந்தது. "நல்லெண்ண அடிப்படையில்" மூன்று மாதக் கட்டணம் 1,770 ரூபாயைத் திருப்புகிறோம், இத்துடன் புகார் முடிந்ததாகக் கருதப்படும் என்று. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முழுத் தீர்வு என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டாலோ, சம்மதம் என்று மின்னஞ்சலில் பதில் அனுப்பினாலோ, பிறகு மிச்சத்தைக் கேட்கும்போது அதையே எடுத்து நீட்டுவார்கள். பணத்தை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. "1,770 வரவு வைக்கப்பட்டதைப் பகுதித் தொகையாக மட்டும் ஏற்கிறேன், மீதி 3,245 ரூபாய்க்கான என் உரிமை தொடர்கிறது" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். போதும்.

ஒம்புட்ஸ்மேனா, கோர்ட்டா?

முப்பது நாளில் பதில் வரவில்லை அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இரண்டு வழி. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், அதாவது ஒம்புட்ஸ்மேன், இலவசம். 2021 நவம்பர் 12-ல் எல்லாத் திட்டங்களையும் ஒன்றாக்கினார்கள், சிஎம்எஸ் என்ற தளத்தில் ஆன்லைனிலேயே புகார் போடலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம், சந்தேகம் கேட்க 14448. வக்கீல் மூலம் போட முடியாது, நீங்களேதான் போட வேண்டும். வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புகார் செய்யக் காலக்கெடுவும் உண்டு, வங்கியின் பதில் வந்த வாரமே போட்டுவிடுங்கள்.

வெறும் அபராதத் தொகை திரும்ப வந்தால் போதும் என்பவர்களுக்கு நான் ஒம்புட்ஸ்மேனைத்தான் சொல்வேன். பஸ் செலவு கூட இல்லை. ஆனால் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் நடத்த முடியாது, கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் ஒம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். அங்கே நம் பக்கம் முடிவு வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் அங்கே இரண்டு வருடக் கெடு இருக்கிறது, அதைக் காலண்டரில் குறித்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். மைத்துனன் நேராக ஆணையத்துக்கே போனதற்குக் காரணம் தவணை பவுன்ஸ் ஆனதும், அதை அடுத்து வந்த வசூல்காரர்களின் போன்களும். அதற்கெல்லாம் சேர்த்து ஒரே மனுவில் கேட்க வேண்டும் என்று நின்றான்.

மனு போடும் முன் மூன்று கேள்வி

நீங்கள் சட்டப்படி நுகர்வோர்தானா? சேமிப்புக் கணக்கு, சொந்த உபயோகக் கடன் என்றால் சிக்கல் இல்லை. வியாபாரத்துக்கு எடுத்த ஓவர்டிராஃப்ட் என்றால் ஜாக்கிரதை. தொழிலை விரிவாக்க ஓவர்டிராஃப்ட் எடுத்த ஒரு பங்குத் தரகர், பஞ்சாப் நேஷனல் வங்கி மீது தொடுத்த வழக்கில், அவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று 2022 பிப்ரவரி 22-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் தானே நடத்தும் சுயதொழில் என்றால் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, அதை மனுவில் தெளிவாக எழுதி நிரூபிக்க வேண்டும். அதுவும் பொருந்தாதவர்களுக்குச் சிவில் கோர்ட்தான் வழி: மூன்று வருடக் கெடு, கோர்ட் கட்டணம் உண்டு, ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு கைகொடுக்கும். ஒப்பந்தத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் வாங்க முடியாது என்பது அந்தப் பிரிவு. அங்கே வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள்.

அடுத்தது காலம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 69-ஆவது பிரிவுப்படி இரண்டு வருடம். முதல் பிடித்தத்தின் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பத்திரம். கடந்துவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு போட வேண்டும், தகுந்த காரணம் இருந்தால்தான் ஏற்பார்கள்.

மூன்றாவது, எங்கே? நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2019 சட்டம் தந்த பெரிய வசதி இது, வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் கவலை இல்லை. செலுத்திய விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2019 சட்டத்தில் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று புதிதாக ஒன்று வந்தது. ஒப்பந்தத்தை மீறியதால் ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் போடுவது அதில் அடங்கும். படித்ததும் நமக்காகவே எழுதியது மாதிரி இருக்கும், நானும் முதல் வரைவில் குஷியாக அதையே எழுதினேன். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டுமே, மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. மாவட்டத்தில் போடும் மனுவில் அந்தச் சொல்லை வைத்தால் முதல் வாய்தாவிலேயே ஆட்சேபணை வரும். அங்கே எழுத வேண்டியது "சேவைக் குறைபாடு", "நியாயமற்ற வணிக நடைமுறை" என்ற இரண்டும்தான்.

மனு

இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனில் போடலாம், 2025-ல் வந்தது, அதற்கு முன் இ-தாக்கில் இருந்தது. நேரில் கொடுப்பதும் உண்டு. முதலில் தேதிப் பட்டியல், பிறகு புகார் மனு, உண்மை என்று உறுதி சொல்லும் பிரமாணப் பத்திரம், ஆவணங்களின் வரிசை எண், முகவரிச் சான்று. கிளை மேலாளரை முதல் எதிர்தரப்பாகவும் தலைமை அலுவலகத்தை இரண்டாம் எதிர்தரப்பாகவும் போடுங்கள். ஆளுக்கொரு நகல் வேண்டும், ஆணையத்துக்குத் தனி.

மனுவைக் கதை மாதிரி எழுதாதீர்கள். கணக்கு தொடங்கியது ஒரு பத்தி, பிடித்தங்கள் ஒரு அட்டவணை, எந்த விதி எந்தத் தேதியில் மீறப்பட்டது என்பது ஒரு பத்தி, புகார் கொடுத்ததும் பதிலும் ஒரு பத்தி, வழக்குக் காரணம் எழுந்த தேதி, கோரிக்கை. ஐந்து பக்கத்துக்குள் முடித்துவிடலாம். கோரிக்கையில் திருப்பித் தர வேண்டிய தொகை, பிடித்த நாள் முதல் வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். 3,245 ரூபாய்க்கு ஐந்து லட்சம் இழப்பீடு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அது மனுவின் மரியாதையைத்தான் கெடுக்கும். நாங்கள் 25,000 இழப்பீடும் 5,000 செலவும் கேட்டோம்.

வாய்தா

வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே பேசலாம். மனு ஏற்கப்படுமா என்பதை 21 நாளில் முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். நோட்டீஸ் கிடைத்ததும் வங்கி 30 நாளுக்குள் பதிலுரை தர வேண்டும், ஆணையம் கூடுதலாக 15 நாள் தரலாம், அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது என்று 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே தீர்த்துவிட்டது. அது பழைய 1986 சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு, புதுச் சட்டத்திலும் அதே 45 நாள்தான். ஆகவே நோட்டீஸ் சேர்ந்த தேதியைத் தபால்துறை டிராக்கிங்கில் பார்த்து பிரின்ட் எடுத்து வையுங்கள். 46-ஆவது நாள் பதிலுரையோடு வந்தால் எழுந்து நின்று சொல்ல வேண்டியது நீங்கள்தான், யாரும் உங்களுக்காகச் சொல்ல மாட்டார்கள்.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பது வேறு, ஒரு வருடம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வீடியோ மூலம் ஆஜராகக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. எதைச் செய்தாலும் ஒரு வாய்தாவைக் கூடத் தவறவிடாதீர்கள். நீங்கள் வரவில்லை என்று மனு தள்ளுபடி ஆனால், "மன்னித்து மறுபடி எடுங்கள்" என்று அதே ஆணையத்திடம் கேட்க முடியாது, மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக வேண்டும். ஒரு நாள் லீவு போடச் சோம்பல் பட்டால் சென்னைக்கோ மதுரை அமர்வுக்கோ அலைய வேண்டி வரும்.

வங்கித் தரப்பு என்ன சொல்லும்? "விண்ணப்பத்தில் எல்லா நிபந்தனைகளையும் ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறார்" என்பார்கள். போட்டது உண்மைதான், ஆனால் ரிசர்வ் வங்கியின் விதி வங்கியைக் கட்டுப்படுத்துவது, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி அதிலிருந்து தப்ப முடியாது. "எஸ்எம்எஸ் அனுப்பினோம்" என்பார்கள். பதிவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் ஆவணங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரி ஒரு சின்ன மனு போடுங்கள், சிவில் கோர்ட்டுக்கு உள்ள அந்த அதிகாரம் 38-ஆவது பிரிவின்படி ஆணையத்துக்கும் உண்டு. எங்கள் வழக்கு திரும்பியது இந்த இடத்தில்தான். பதிவைத் தாக்கல் செய்ய இரண்டு வாய்தா வாங்கினார்கள். வந்த தாளில் ஏழு எஸ்எம்எஸ் இருந்தது. ஏழும் பணம் பிடித்த அன்று மாலை போனவை.

நான்காவது வாய்தாவில் வங்கியின் வக்கீல் வராந்தாவில் கூப்பிட்டு, "தம்பி, எவ்வளவு வந்தா முடிச்சுக்குவீங்க?" என்றார். மீதி 3,245-ம் செலவுக்கு 5,000-ம் என்று பேசி முடிந்தது. இழப்பீடு கிடைத்திருக்குமா என்றால் ஓரளவு கிடைத்திருக்கலாம், இன்னும் எட்டு மாதம் கழித்து. அவன் கணக்குப் போட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டான், நானாக இருந்தால் தீர்ப்பு வரை போயிருப்பேன், ஆனால் லீவு போட்டது அவன்தானே. சமாதானம் என்றால் வாய்ப் பேச்சோடு விடாமல் இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவாக ஆணையத்தில் தாக்கல் செய்து, அதையே உத்தரவாக வாங்குங்கள். அப்போதுதான் பணம் வராவிட்டால் நிறைவேற்ற முடியும்.

உத்தரவு வந்த பிறகு

வங்கி மேல்முறையீடு போக 45 நாள் உண்டு, அதற்கு உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். சின்னத் தொகைகளுக்குப் பெரும்பாலும் போக மாட்டார்கள். உத்தரவில் சொன்ன நாளுக்குள் பணம் வரவில்லை என்றால் 71-ஆவது பிரிவில் நிறைவேற்று மனு போடலாம், கூடவே 72-ஆவது பிரிவும் இருக்கிறது: உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000-க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்த மனுவின் நகல் கிளை மேலாளர் பெயருக்குப் போனால் பணம் நடந்து வராது, ஓடி வரும்.

பணம் வந்ததோடு விடாமல் சிபில் அறிக்கையை, அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவை, எடுத்துப் பாருங்கள். மைனஸ் இருப்பு கடன் மாதிரி பதிவாகியிருக்கலாம், பவுன்ஸ் ஆன தவணை தாமதமாகப் பதிவாகியிருக்கலாம். அதைத் திருத்தச் சொல்லும் கோரிக்கையைச் சமாதான மெமோவிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுவது நல்லது, நாங்கள் மறந்துவிட்டு அப்புறம் தனியாக இரண்டு மாதம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

கடைசியாகக் கணக்கை மூடுவது. மைத்துனன் செக் புத்தகம், ஏடிஎம் கார்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனான். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "சார், மூட வேண்டாமே, மறுபடியும் ஜீரோ பேலன்ஸுக்கு மாத்தித் தர்றோம்" என்றார். எழுத்தில் தருவீர்களா என்று கேட்டிருக்கிறான். மேனேஜரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர், மூடும் விண்ணப்பத்தோடுதான் திரும்பி வந்தாராம்.